மொழிபெயர்ப்புப் பிழை மட்டும் ஏன் அடுத்த வெளியீடுவரை காத்திருக்க வேண்டும்?

பெங்களூருவின் மென்பொருள் உலகில் ஒரு கருத்து கேள்வியின்றி நிலைபெற்றிருக்கிறது: நிரலில் பிழை என்றால் அன்றே திருத்த வேண்டும், மொழிபெயர்ப்பில் பிழை என்றால் அடுத்த வெளியீடுவரை பொறுக்கலாம். இதைத் தொழில்நுட்பக் கட்டாயம் என்கிறார்கள். இது கட்டாயமன்று, ஒரு தேர்வு. அதற்குரிய விலையைக் கொடுப்பவர் நிரலாளரும் அல்லர்.

பணம் அனுப்பும் செயலி ஒன்றில் 'ரத்து செய்' என்றிருக்க வேண்டிய பொத்தானில் 'ரத்து செய்யப்பட்டது' என்றிருப்பதாகக் கொள்வோம். ஹலசூரிலோ சிவாஜிநகரிலோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூதாட்டி, பணம் போகவில்லை என்று எண்ணி மறுமுறை அனுப்புவார். ஆங்கிலத் திரையைப் பார்ப்பவருக்கு இந்த இழப்பு நேராது. கன்னடத் திரையிலும் உருதுத் திரையிலும் நேரலாம்.

மொழிபெயர்ப்பாளர் முன்னரே கவனமாக இருந்திருக்கலாமே என்பது வழக்கமான மறுப்பு. அவர் கையில் கிடைப்பது திரையன்று, தனித்தனிச் சொற்றொடர்களின் பட்டியல். ஊர்ப்பெயர் வருமிடத்தில் ஒரு மாறியை வைத்து, அதன்பின் 'இல்' என்று எழுதச் சொன்னால், ஓடும் திரையில் 'மதுரைஇல்', 'சேலம்இல்' என்றே வரும். மதுரையில், சேலத்தில், வேலூரில் என மூன்றுக்கும் பொருந்தும் ஒற்றை ஒட்டு தமிழில் இல்லை. வாக்கியத்தையே மாற்றி 'ஊர்: மதுரை' என்று அமைக்க வேண்டும். இத்தகைய பிழை செயலி ஓடும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே தெரியும் பிழையை அங்கேயே திருத்த வழியில்லாமல் வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுவது நியாயமாகாது.

கருவிகளும் நடுநிலையானவை அல்ல. 1995 முதல் பரவலாகப் பயன்படும் குனு கெட்டெக்ஸ்ட் முறையில் பொதுவாக ஆங்கில வாக்கியமே திறவுகோல். ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும், இணைப்புக் கருவி தமிழ் வரிக்கு ஐயக்குறி இடுகிறது. தொகுக்கும்போது இயல்பாகவே அந்த வரி விடுபடுகிறது. நேற்றுவரை தமிழ் இருந்த இடத்தில் இன்று ஆங்கிலம் தோன்றுகிறது. திருத்திய கோப்பைச் சேர்த்தாலும், நினைவகத்தில் ஏற்றப்பட்ட பழைய கோப்பே பல செயலிகளில் மறுதொடக்கம்வரை நீடிக்கிறது.

வேறு வழி உண்டு என்பதற்குச் சான்று தமிழ் விக்கிப்பீடியாவே. அதை இயக்கும் மீடியாவிக்கியில் ஒவ்வொரு இடைமுகச் சொற்றொடருக்கும் தனிப் பெயர் உண்டு. முகவரியில் மொழிக் குறியீடாக 'க்யூக்யூஎக்ஸ்' என்று கொடுத்தால், ஓடும் பக்கத்திலேயே சொற்களுக்குப் பதில் அப்பெயர்கள் தெரியும். தளத்தின் நிர்வாகி அச்சொற்றொடரை உடனே மாற்றலாம். நிரலைத் தொட வேண்டியதில்லை. டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் தன்னார்வலர்கள் செய்யும் திருத்தங்கள், வாரந்தோறும் ஏறும் புதிய பதிப்போடு எல்லாத் தளங்களுக்கும் சேர்கின்றன.

ஓடும் செயலியில் கைவைத்தால் மாறிகள் சிதையும், தீங்கான நிரல் நுழையும், புதிய மொழிபெயர்ப்பும் பழைய நிரலும் முரண்படும் என்ற அச்சம் பொய்யன்று. ஆயினும் அது தீர்வில்லாத அச்சமும் அன்று. 2009 முதல் பல ஆண்டுகள் விக்கிப்பீடியாவில் இயங்கிய லோக்கலைசேஷன்அப்டேட் என்னும் நீட்சி, ஆங்கில மூலம் மாறாத சொற்றொடர்களின் மொழிபெயர்ப்பை மட்டுமே புதுப்பித்தது. பின்னர் அது அங்கே நிறுத்தப்பட்டது. ஆனால் முரண்பாட்டைத் தவிர்க்கும் நெறி அப்போதே வகுக்கப்பட்டுவிட்டது. மாறிகளைச் சரிபார்ப்பதும், குறிகளை வடிகட்டுவதும், இரண்டாமவர் ஒப்புதல் பெறுவதும், பிழையானால் முந்தைய வடிவுக்குத் திரும்புவதும் நிரலாளர் நாள்தோறும் செய்பவையே. தம் நிரலுக்குச் செய்வதை மொழிக்குச் செய்ய மறுப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடலாகாது.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, இனி இந்தக் கவலை வேண்டாம் என்பது ஆய்வகங்களில் எழும் புதிய வாதம். இயந்திரம் வாக்கியங்களைப் பெருக்குகிறது. அவற்றோடு பிழைகளும் பெருகும். ஆகவே திருத்தும் வாயில் முன்னைவிட அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

மொழித் தொழில்நுட்பத்தில் ஆய்வு செய்யும் மாணவர்கள் மொழிபெயர்ப்பின் தரத்தை மதிப்பெண்களால் அளக்கிறார்கள். அதனோடு இன்னொன்றையும் அளக்க வேண்டும்: ஒரு பயனர் பிழையைக் கண்ட கணத்துக்கும் அது திரையிலிருந்து நீங்கிய கணத்துக்கும் இடையே எத்தனை நாள்? ஆங்கிலத்துக்கு ஒரு நாளும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் மூன்று மாதமும் ஆகுமெனில், அந்தச் செயலி பன்மொழிச் செயலி அன்று. பிற மொழிகளைக் காத்திருக்க வைக்கும் ஆங்கிலச் செயலியே அது.