ஜியூஃபெனில் சொல்லப்படாத திரைப்படம்

தைபேயில் வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் குழுச் சுற்றுலா சென்று திரும்பிய நாங்கள் மூவர், ஒருமித்த எரிச்சலோடு எழுதும் குறிப்பு இது. எரிச்சல் வெயிலாலோ கூட்டத்தாலோ வந்ததன்று.

காலையில் சியாங் கை ஷேக் நினைவு மண்டபம். படிகள் 89, சீன வழக்கில் கணக்கிட்டால் அவர் மறைந்த வயதும் அதுவே என்ற விளக்கம் கிடைத்தது. வெண்கலச் சிலையைப் படம்பிடிக்க உகந்த கோணமும் கிடைத்தது. 1949 மே முதல் 1987 ஜூலை வரை, 38 ஆண்டுகள், அத்தீவு ராணுவச் சட்டத்தின் கீழ் கிடந்தது என்னும் செய்தி மட்டும் கிடைக்கவில்லை. சிலையருகே அசையாது நின்ற காவலர்கள் 2024 ஜூலையில் மண்டபத்திலிருந்து வெளியே மாற்றப்பட்டனர். தனிமனித வழிபாட்டை ஒழிக்கவே இம்மாற்றம் என்று அரசே அறிவித்தது. எங்கள் வழிகாட்டியோ, "வெளியே வெளிச்சம் நன்றாக இருக்கும், படமெடுக்க வசதி" என்றார்.

பிறகு அரண்மனை அருங்காட்சியகம். ஏறத்தாழ ஏழு லட்சம் அரும்பொருள்களுக்கு ஐம்பது நிமிடம். அதிலும் பாதி, ஒரு சாணுக்கும் குறைவான பச்சைக்கல் முட்டைக்கோஸைக் காணும் வரிசையில் கழிந்தது. (அது அழகுதான், மறுப்பதற்கில்லை.) மதியம் இந்திய உணவு, அதற்கு மட்டும் தாராளமாக ஒன்றேகால் மணி நேரம்.

மாலை ஜியூஃபென், மலைச்சரிவில் ஒரு பழைய தங்கச் சுரங்க ஊர். சிவப்பு விளக்குகள் தொங்கும் தேநீரகத்தின் முன் எங்களை நிறுத்தி, மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) இவ்வூரைப் பார்த்து வரையப்பட்டது என்றார் வழிகாட்டி. மியாசாகியே மறுத்துவிட்ட கதை அது. உண்மையிலேயே இவ்வூரில் படமாக்கப்பட்ட ஹௌ சியாவ்சியெனின் 'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்' பற்றி ஒரு சொல் இல்லை. 1989இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற படம். 1947 பிப்ரவரி 27 மாலை, கள்ளச் சிகரெட் விற்ற விதவையொருத்தியை அரசு அலுவலர்கள் தாக்கியதில் மூண்டு, படுகொலையில் முடிந்த துயரத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படம். மாண்டோர் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என 1992இன் அரசு அறிக்கை மதிப்பிட்டது. நாயகன் டோனி லியுங்குக்கு உள்ளூர் மொழி வராததால் அவரைச் செவியும் பேச்சும் அற்ற புகைப்படக்காரராக்கினார் ஹௌ. அந்த ஊமைப் பாத்திரம் சொன்னதில் நூறிலொரு பங்கைக்கூட, நாள் முழுக்க எங்கள் காதில் ஒலித்த ஒலிபெருக்கி சொல்லவில்லை.

விடுமுறைக்கு வந்தவர்களிடம் ரத்தக்கதை எதற்கு என்பார்கள். தைவான் மக்கள் அதை ஒளிக்கவில்லையே! பிப்ரவரி 28 அங்கு அரசு விடுமுறை. நினைவு மண்டபத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் 228 அமைதிப் பூங்கா. 1947இல் கிளர்ந்தெழுந்தோர் கைப்பற்றி ஒலிபரப்பிய வானொலி நிலையக் கட்டடமே அங்கு நினைவு அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரு சமூகம் தன் காயத்தைத் தலைநகரின் நடுவே வைத்திருக்க, காசு கொடுத்துப் போன நமக்கு அதைத் தாங்கும் திராணி இராது என்று யார் முடிவு செய்தது?

தேநீரகப் படியில் வழிகாட்டியைத் தனியே கேட்டோம். "அந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். நிரலில் இல்லாததைப் பேசினால் நேரம் வீணானதென்று புகார் எழுதுகிறார்கள்" என்றார்.

மறுநாள் நிரலில் அன்னாசிக் கேக் செய்முறை இருந்தது. ஒன்றரை மணி நேரம்.