புல்லு வெட்ட மினி டிராக்டர் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

தக்கலை பக்கம் நண்பர் ஒருத்தர் ரெண்டு ஏக்கர் தென்னை விளை வாங்கியிருக்கார். வெளிநாட்டுல சம்பாதிச்ச காசு. ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணி, "வே, மினி டிராக்டர் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். புல்லு வெட்டுறதுக்கு பின்னால என்னத்த மாட்டணும்?"னு கேட்டார். ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில, "நீரு சொன்னதுல பாதி மறந்து போச்சு, எழுதிப் போடும்வே"ன்னு சொல்லிட்டு வச்சுட்டார். அதான் இந்தப் பதிவு. விவசாயம் பிடிக்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :-)

முதல்ல ஒரு விஷயம். வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு அந்த மாதிரியே வேணும்னு கேக்காதீங்க. அமெரிக்காவுல சின்ன டிராக்டருக்கு வயித்துக்கு அடியில, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல, அகலமா ஒரு தட்டு மாட்டுறாங்க. உள்ள ரெண்டு மூணு பிளேடு சுத்தும். வெட்டின புல்லை பக்கவாட்டுல துப்புறது ஒரு வகை. உள்ளேயே திரும்பத் திரும்ப நறுக்கித் தூளாக்கி அங்கேயே போட்டுட்டுப் போறது இன்னொரு வகை. வீட்டு முன்னாடி புல்தரை, கோல்ஃப் மைதானம் இதுக்கெல்லாம் அருமையான சாமான். நம்ம விளையில என்ன கிடக்கும்? மட்டை, கொதும்பு, குரும்பை, தொண்டு, போன மழையில அரிச்சு வெளியே வந்த கல்லு, எவனோ விட்டுட்டுப் போன நைலான் கயிறு. அந்தத் தட்டு ஒரு நாள் தாங்காது. அதனால டிராக்டர் பின்னாடி மாட்டுற சாமான்களைப் பத்தி மட்டும் பேசுவோம்.

நம்ம பக்கம் வாடகைக்கு வர்ற எந்த டிராக்டரைக் கூப்பிட்டாலும் பின்னாடி ரோட்டாவேட்டர்தான் இருக்கும். புல்லு வெட்டணும்னு சொன்னா, "ஒரு ஓட்டு ஓட்டிட்டா போச்சு அண்ணாச்சி"ம்பாங்க. எங்க சித்தப்பாவும் அந்தக் கட்சி. இருபது வருஷமா எனக்கும் அவருக்கும் இதுல தகராறு. திட்டுவிளை பக்கம் எங்களுக்கு 80 சென்ட் தென்னை இருக்கு, 54 மரம். அதை உழணுமா அறுக்கணுமாங்கிறதுதான் சண்டையே.

சித்தப்பா சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்களே தென்னந்தோப்புல இடை உழவு வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன்-ஜூலையில ஒண்ணு, டிசம்பர்-ஜனவரியில ஒண்ணு பண்ணச் சொல்றாங்க. களை போகும், மழைத்தண்ணி உள்ள இறங்கும். வேர் அறுந்துடும்னு நான் சொன்னா, "லே, தென்னைக்கு வேலை செய்யுத வேரெல்லாம் ஒரு அடிக்குக் கீழதான்லே கெடக்கு, ரோட்டாவேட்டரு அஞ்சு இஞ்சுதான் போவும்"னு வாயை அடைச்சுருவார். அதுவும் பெருமளவு சரிதான். தென்னையோட வேர்ல பெரும்பகுதி மரத்தைச் சுத்தி 2 மீட்டருக்குள்ள, மேல் ஒரு அடியை விட்டுட்டு அதுக்குக் கீழதான் இருக்கு. நானும் வருஷத்துக்கு ரெண்டு உழவை எதிர்க்கலை. நான் எதிர்க்கிறது, புல்லு தலை தூக்கும்போதெல்லாம் ரோட்டாவேட்டரைக் கூப்பிடுற பழக்கத்தை.

ஏன்னா நம்ம ஜில்லாவுக்கு தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ரெண்டுக்கும் நடுவுல ஏப்ரல், மே கோடைமழை வேற. வருஷத்துல பத்து மாசம் புல்லு வளரும். ரெண்டு உழவோட புல்லு அடங்காது. அதனால ரெண்டு நாலாகும், நாலு ஆறாகும். ஒவ்வொரு தடவையும் அதே அஞ்சு இஞ்சு ஆழத்துல கத்தி சுத்தும்போது, அதுக்குக் கீழ உள்ள மண்ணு தட்டித் தட்டி தரை போட்ட மாதிரி இறுகிப் போகுது. மேல பஞ்சு, கீழ சிமெண்டு. எங்க விளை மேற்க இருந்து கிழக்க சரிவு. ஓட்டின மறுவாரம் ஒரு மழை பெஞ்சா, மேல் மண்ணு சிவப்புத் தண்ணியா ஓடைக்குப் போகும். அந்தத் தண்ணியைக் கையில அள்ளிப் பாத்தா வயிறு எரியும். அது நான் காசு கொடுத்து வாங்கிப் போட்ட சாணம்.

இன்னொரு கூத்து கோரைப்புல்லு. கோரைக்கு அடியில கிழங்கு. ரோட்டாவேட்டர் அந்தக் கிழங்குச் சரத்தைத் துண்டு துண்டா அறுத்து விளை முழுக்க சமமா விதைச்சு விடும். அருகம்புல்லுக்கும் இதே கதைதான். அஞ்சு சென்ட்ல இருந்த கோரை மூணே வருஷத்துல விளை பூராவும் பரவினதுக்கு நானே சாட்சி. காசு கொடுத்து களை விதைச்சிருக்கோம்!

சரி, அறுக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எதை வச்சு?

ஸ்லாஷர்னு ஒண்ணு இருக்கு. அமைப்பு ரொம்ப எளிமை. டிராக்டரோட பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்தும். ஸ்லாஷர் மேல ஒரு கியர்பாக்ஸ், அது வேகத்தைக் கூட்டி கீழே செங்குத்தா இறங்குற ஒரு தண்டுக்குக் கொடுக்கும். அந்தத் தண்டுல ஒரு வட்டத்தட்டு, தட்டு ஓரத்துல ரெண்டு பிளேடு போல்ட்டுல தொங்கும். தொங்கும்ங்கிறதுதான் முக்கியம். கல்லோ குத்தியோ அடிச்சா பிளேடு மடங்கி உள்ள போயிட்டு மறுபடி விரியும். அதனால முரட்டு வேலைக்குத் தாங்கும். கம்யூனிஸ்ட் பச்சைன்னு மலையாளத்துக்காரங்க கூப்பிடுற செடி இருக்கே, அது விரல் மொத்தத்துக்கு நின்னாலும் சவட்டித் தள்ளிட்டுப் போகும். பராமரிப்பும் குறைவு. கியர்பாக்ஸ் எண்ணெய், கிரீஸ், பிளேடு சாணை, அவ்வளவுதான்.

குறை என்னன்னா, வெட்டுறதைவிட அடிக்கிறதுதான் ஜாஸ்தி. புல்லு பிஞ்சு நிக்கும், வரிசை வரிசையா குமிஞ்சு கிடக்கும். அப்புறம் அது கல்லை எறியுற எறி! பின்னாடியும் பக்கத்துலயும் சங்கிலித் தொங்கட்டான் போட்டிருப்பாங்க. அது அறுந்தா மாத்தாம ஓட்டுறவங்க கிட்டயே போகாதீங்க. புல்லுக்குள்ள மறைஞ்சு கிடக்கிற நெத்துத் தேங்காயை ஒரு தடவை ஸ்லாஷர் அடிச்சுப் பாத்திருக்கேன். வெடி வச்ச மாதிரி சத்தம். தேங்காய் அப்புறம் எங்க போச்சுன்னே தெரியலை. சித்தப்பா ரெண்டு நாள் அதைச் சொல்லியே சிரிச்சார்.

அடுத்தது ஃபிளெயில். இதுல தண்டு படுக்கை வாட்டத்துல இருக்கும். உருளை முழுக்க சின்னச் சின்ன கத்தி, ஒய் வடிவத்துலயோ சுத்தியல் வடிவத்துலயோ. கத்தி வகை புல்லுக்கு, சுத்தியல் வகை மட்டை, கம்பு நொறுக்க. புல்லை நைசா நறுக்கி மெத்தை விரிச்ச மாதிரி போட்டுட்டுப் போகும். கல்லு எறியுறது ரொம்பக் குறைவு, எறிஞ்சாலும் தரையைப் பாத்துதான். டிராக்டரை ஒட்டியே நிக்கிறதால மரத்துக்கு மரம் வளைச்சுத் திருப்ப சுலபம். மண்ணு வளத்தை மட்டும் பாத்தா இதுதான் ராஜா, சந்தேகமே இல்லை.

ஆனா ராஜாவுக்குத் தீனி அதிகம். ஸ்லாஷருக்கு அடிக்கு அஞ்சு குதிரைத்திறன்னு தோராயக் கணக்கு சொல்வாங்க. ஃபிளெயில் அதே அகலத்துக்கு அதைவிடக் கூடுதலா கேக்கும். எங்க பக்கத்து விளைக்காரர் கிட்ட இருக்கிறது 18.5 குதிரைத்திறன் மிட்சுபிஷி சக்தி. நாலடி ஸ்லாஷருக்கே அது மழைக்காலப் புல்லுல முதல் கியர்ல முக்கித்தான் போகும். அதுல ஃபிளெயிலை மாட்டினா, கன்னுக்குட்டியைக் கட்டி கல்லு வண்டி இழுக்கிற கதைதான். 27 குதிரைத்திறன் குபோட்டா மாதிரி எடுக்கிறதா இருந்தா யோசிக்கலாம். இன்னொண்ணு, மாடு கட்டின நைலான் கயிறு ஒரு முழம் புல்லுக்குள்ள கிடந்தா போதும், உருளையில சுத்திக்கும். வண்டியை நிறுத்தி, அடியில குனிஞ்சு, வெட்டுக்கத்தியால அறுத்து எடுக்கணும். ஒரு கத்தி ஒடிஞ்சா எதிர்ப்பக்கத்துக் கத்தியையும் சேத்து மாத்தணும், இல்லேன்னா எடை சமமில்லாம உருளை நடுங்கி பேரிங் போயிரும்.

வாங்குறதுக்கு முன்னாடி இடம் போதுமான்னும் ஒரு கணக்குப் போட்டுக்கோங்க. 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்புன்னா, மரத்தைச் சுத்தி உரம் வைக்கிற வட்டம் பக்கத்துக்கு ஆறடி. ரெண்டு பக்கமும் விட்டா நடுவுல 13 அடிதான் மிஞ்சும். நாலடி ஸ்லாஷர் மூணு போக்கு. மரத்தடி வட்டத்தை எப்படியும் ஆளு விட்டுத்தான் எடுக்கணும். எங்க தாத்தா காலத்துல கையில கயிறு பிடிச்சு நடலை, மனசுக்குத் தோணின இடத்துல நட்டிருக்காங்க. அந்த மாதிரி விளைன்னா மினி டிராக்டர் ஆசையையே விட்டுருங்க.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அந்தச் சரிவுல டிராக்டர் ஏறாது, பிரஷ் கட்டர்தான் கதி. இல்லேன்னா முக்குனா கொடியை மூடுபயிரா விட்டு மத்த களையை அமுக்கிடறாங்க. கிளைபோசேட் அடிச்சா தீந்துதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் தவிர வேற யாரும் அதை உபயோகிக்கக் கூடாதுன்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசு உத்தரவே போட்டாச்சு.

பிரஷ் கட்டர் பத்தி நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவேன், மன்னிச்சுக்கோங்க. நைலான் நரம்பு போட்டு ஓட்டினா சமதரைப் புல்லுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா தென்னங்கன்னு தூரையும் ரப்பர் கன்னுப் பட்டையையும் ஒரே சுத்துல உரிச்சுரும். அதைவிட மோசம் கல்லு. அஞ்சு வருஷம் முன்ன எங்க விளையில வேலை பாத்த ஒரு தம்பிக்கு புருவத்துல கல்லு தெறிச்சு மூணு தையல். கால் இஞ்சு கீழ பட்டிருந்தா கண்ணு. கண்ணாடி இருந்தது, கழுத்துல தொங்குச்சு. வேர்வையில மங்குதுன்னு கழட்டியிருக்கான். மிஷின்ல இருந்த மறைப்பையும் புல்லு அடைக்குதுன்னு யாரோ கழட்டிட்டாங்க. பாத்தும் நான் ஒண்ணும் சொல்லலை, வேலை நடந்தா சரின்னு இருந்துட்டேன். மத்த ஆட்கள் 15 மீட்டருக்கு அந்தப்பக்கம்தான் நிக்கணும்னு அந்த மிஷின் கூட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கு. அதைப் படிச்சதே ஆஸ்பத்திரியில இருந்து வந்த அப்புறம்தான்.

இப்ப நான் என்ன பண்றேன்னு கேப்பீங்க. முடிவு பண்ணி, போன ஆடிக்கு முன்னாடி ஸ்லாஷர் வரச் சொல்லியாச்சு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம், தினமும் எங்க விளையில புல்லு அறுக்க வர்ற அக்கா வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. ரெண்டு பசு வச்சு பால் ஊத்துது. கையில அரிவாள், தலையில சும்மாடு.

"தம்பி, நாளைக்கு மிசினு வருதாமே?"

"ஆமாக்கா."

"அப்ப எனக்க மாடு என்னத்த திங்கும்?"

நியாயமான கேள்வி. ஸ்லாஷர் அடிச்ச புல்லு மண்ணும் சவறுமா கிடக்கும், மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். ஃபிளெயில்ல வெட்டினது தூளு, அள்ளவே முடியாது. வெட்டின புல்லை முழுசா, சாய்ச்சு வைக்கிற வகை ஒண்ணு இருக்கு. முடிதிருத்துற மிஷின் மாதிரி பல்லு வச்ச நீளக் கத்தி முன்னும் பின்னும் ஓடி அறுக்குமே, அந்தக் கத்தரி வகை. சக்தியும் கொஞ்சம்தான் தேவை, தீவனத்துக்கு அதுதான் சரி. ஆனா கல்லும் மட்டையும் கிடக்கிற விளையில அந்தப் பல்லு எத்தனை நாள் இருக்கும்னு சொல்லுங்க.

அக்கா அறுக்கிறதுக்கு நாங்க காசு கொடுக்கிறதில்லை, அது எங்களுக்குக் காசு கொடுக்கிறதுமில்லை. வாரத்துக்கு ஒரு கடவம் சாணம் மரத்தடியில வந்து விழும். இத்தனை வருஷமா மிஷினுக்குக் கணக்குப் போட்ட நான், இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை. அதனால இப்ப ஓடை பக்கத்து இருபது மரம் அக்காவுக்கு, அங்க எந்த மிஷினும் போகாது. மேட்டுப் பக்கம் முள்ளும் புதரும் உள்ள இடத்துக்கு வருஷத்துக்கு மூணு தடவை ஸ்லாஷர், வாடகைக்கு. அறுத்ததை அப்படியே மரத்தடி வட்டத்துல மூடாக்கா போடுறேன். டிசம்பர்ல ஒரே ஒரு உழவு, அது சித்தப்பாவுக்காக.

தக்கலை நண்பருக்கு என் பதில்: 2 ஏக்கருக்கு டிராக்டரே வேண்டாம். வாங்கியே தீருவேன்னா ஸ்லாஷர் எடும். அதுக்கு முன்னால உம்ம விளையில இப்ப யாரு புல்லு அறுக்காங்கன்னு காலையில ஆறு மணிக்குப் போய் பாரும்வே.

பி.கு.: பிரஷ் கட்டர் வச்சிருக்கிறவங்க கழட்டிப் போட்ட மறைப்பைத் தேடி எடுத்து இன்னிக்கே மாட்டுங்க. கண்ணாடி மங்குதுன்னா, கம்பி வலை வச்ச முகமூடி கிடைக்குது, அது மங்காது. பொடி மண்ணு உள்ள வரும், அதனால உள்ள சாதாக் கண்ணாடியும் போட்டுக்கணும்.