இதயம் நின்றது என்பது காரணமல்ல

ஒகேனக்கல்லில் ஆற்றில் மூழ்கி ஒருவர் இறந்தால் காவல்துறை வழக்குப் பதியும், உடற்கூறாய்வு நடக்கும். அதே ஊரிலிருந்து காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போய் நான்காம் நாள் இறக்கும் பரிசல்காரருக்கு அது நடக்காது. 'இதயமும் மூச்சும் நின்றன' என்று ஒரு தாள் மட்டும் வரும். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட தாள்களை நான் பார்த்திருக்கிறேன். இதயம் நிற்காமல் யாரும் சாவதில்லை. அது ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. அதைச் சாவுக்கான காரணமாக எழுதக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும்.

மருத்துவர் கணித்த நோயும் உடலைத் திறந்தபின் தெரியும் நோயும் எப்போதும் ஒன்றல்ல. பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்டு கேபட் 3,000 உடற்கூறாய்வுகளை வைத்து இதை ஒப்பிட்டு, 1912இல் தவறுகளை வெளிப்படையாக அச்சிட்டார். 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, 53 தொகுப்புகளை அலசியது. அதன்படி, கூறாய்வு செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முக்கியமான நோய் தவறவிடப்பட்டிருந்தது. குழப்பமான நோயாளிகளின் உடல்களே அதிகம் கூறாய்வுக்கு வருவதால், எல்லாச் சாவுக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் திறந்து பார்க்காத இடத்தில் தவறு எவ்வளவு என்றே தெரியாது. அடுத்த நோயாளிக்கும் அதே தவறு நடக்கும்.

2013இல் தருமபுரி இளவரசனின் உடலை எய்ம்ஸ் மருத்துவர்கள் மறுகூறாய்வு செய்யும்வரை நாம் நீதிமன்றத்தில் போராடினோம். கொலையா தற்கொலையா என்ற கேள்விக்காக நிற்கத் தெரிந்த நாம், மருத்துவமனைச் சாவுகளில் அமைதியாகிவிடுகிறோம். 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. எடைக் குறைவு, மூச்சுத்திணறல் என்றார்கள் அதிகாரிகள். எடைக் குறைவான குழந்தையை இறுதியில் கொன்றது தொற்றா, கவனிப்புக் குறைவா என்பதை அந்தச் சொல் சொல்லாது. தாய் ஏன் சத்தில்லாமல் இருந்தாள் என்பதையும் சொல்லாது.

பிணவறையில் இன்னொரு அநீதியும் உண்டு. உடலைத் திறப்பவரும் தைப்பவரும் பெரும்பாலும் தலித் ஊழியர்கள். அறிக்கையில் இருப்பது மருத்துவரின் பெயர் மட்டும். அறிவு ஒரு சாதிக்கு, அழுகல் இன்னொரு சாதிக்கு என்ற பழைய பங்கீடுதான் இது.

"செத்த உடம்பை அறுக்கணுமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயமே. உடலை முழுதாகத் திறக்காமல் ஊசியால் திசு எடுக்கும் முறை டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அதை தருமபுரிக்கும் கொண்டு வரலாம்.

தோழர்களே, மூன்றைக் கேட்போம். குடும்பம் விரும்பினால் மருத்துவமனைச் சாவுக்கும் இலவசக் கூறாய்வு வேண்டும். கணிப்பையும் கண்டுபிடிப்பையும் ஒப்பிட்டு மருத்துவமனைகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிணவறை ஊழியருக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் நிரந்தர வேலையும் வேண்டும். எதனால் செத்தோம் என்று தெரிந்துகொள்வதும் உரிமைதான்.