நிர்வாகப் படிப்பும் நிலமுடையோரும்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் காட்டுச் சாலையிலுள்ள நாட்றாம்பாளையம், மானாவாரியாகக் கேழ்வரகும் கொள்ளும் விளையும் பூமி. இப்பக்கத்துக் குடியானவர் தம் மக்களை நிர்வாகக் கல்வி பயில அனுப்பும்போது, அவர் கண்முன் நிற்பது ஓசூரேயாம். 1980-களில் அங்கு அசோக் லேலண்டு, டைட்டன் முதலிய ஆலைகள் ஏற்பட்டன. மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தை நாடுவதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் இக்கல்வி ஆலை உத்தியோகத்திற்கே உரியதென்று முடிவு செய்தல் நிலமுடையோருக்குப் பெருநஷ்டமாகும்.

ஒரு மூட்டை கேழ்வரகு விளைவிக்க ஆன செலவு யாது என்று கேட்டால், விதை, எரு, ஆள்கூலி இவற்றை மட்டுமே பெரும்பாலோர் சொல்வர். வீட்டார் உழைப்பும், சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும், கடனுக்கு வட்டியும், யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பரண்மேல் விழித்த இரவுகளும் கணக்கில் ஏறுவதில்லை. அடக்கவிலை அறியாதவர் களத்தில் வியாபாரி சொன்ன விலைக்கு இசைவதன்றி வேறென் செய்வர்? நிர்வாக மாணவன் முதல் வருஷத்திலேயே கற்பது இக்கணக்கைத்தான்.

இதனை உணர்ந்தே வர்கீஸ் குரியன் 1979-ல் குஜராத்தின் ஆனந்த் நகரில் கிராம நிர்வாகத்திற்கென ஒரு கல்வி ஸ்தாபனம் நிறுவினார். அங்குள்ள பால் சங்கங்களில் மாடுடையோரே முதலாளிகள். படித்த நிர்வாகி அவர்களுடைய சம்பளக்காரர். நமது மாகாணத்திலும் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாய வியாபார நிர்வாகத்தில் பட்டம் அளித்து வருகிறது.

பட்டம் பெற்றவனுக்கு ஊரில் வேலை எங்கே என்பர். உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு 2002-ஆம் வருஷத்துச் சட்டத்திருத்தம் இடமளித்தது. 2020-ல் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டம் இத்தகைய ஸ்தாபனம் ஒவ்வொன்றுக்கும் 3 வருஷங்களில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி வகுத்தது. நிர்வாகியின் சம்பளமாக மாதம் 25,000 ரூபாய் வரை அதில் அடங்கும். சங்கடம் நான்காம் வருஷத்தில்தான். உதவி நின்றதும், “கணக்கெழுதும் பிள்ளைக்கு இவ்வளவா?” என்று அங்கத்தினர் முணுமுணுப்பர், பிள்ளையும் ஓசூர் பஸ் ஏறிவிடுவான். அவன்மீது பழியில்லை.

அச்சம்பளம் வருஷத்திற்கு 3 லட்சம் ரூபாய். முந்நூறு அங்கத்தினர் பங்கிட்டால் தலைக்கு 1,000 ரூபாய். 2024-25-ஆம் வருஷத்து ஆதரவு விலையான குவிண்டால் 4,290 ரூபாய்ப்படி, இது சுமார் 23 கிலோ கேழ்வரகு. எடையிலும் கழிவிலும் களத்தில் இழப்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.

மாணவர்கள் விடுமுறைப் பயிற்சிக்கு ஆலைவாசலில் காத்திருக்கும் மாதங்களில், சொந்தப் பிர்க்காவின் விளைபொருளை அவர்கள் ஆராயச் செய்யலாம். எந்தப் புல எண்ணில் எப்பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலிலேயே இருக்கிறது. நிலமுடையோர் தம் வரவுசெலவை ஒளிக்காமல் காட்ட இசைந்தால், அடுத்த அறுவடைக்கு முன்பே அடக்கவிலைக் கணக்கு தயாராகிவிடும்.