சாமி படத்தை ஈரத்துணியால் துடைக்கலாமா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பல வீடுகளில் நடப்பதுதான். பூஜையறையில் இருக்கும் படங்கள் எல்லாம் கீழே இறங்கும். ஒரு வாளித் தண்ணீர், பழைய துணி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கொஞ்சம் சோப்பு. பத்துப் படங்களும் அரை மணி நேரத்தில் பளபளவென்று மீண்டும் ஆணியில் ஏறிவிடும்.

அந்தப் பத்தில் ஒன்பது, கண்ணாடி போட்ட காலண்டர் படங்களாக இருக்கலாம். அவை கிழிந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பத்தாவது, கொள்ளுப்பாட்டி காலத்தில் வந்த தஞ்சாவூர் ஓவியமாக இருந்தால்? அந்த ஈரத்துணி அழுக்கை மட்டும் எடுத்திருக்காது.

ஒரு படத்தை வாங்கும்போது ஏமாறுவதற்கும், வாங்கிய படத்தைப் பாழாக்குவதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அந்தப் படம் எதன் மேல், எதைக் கொண்டு செய்யப்பட்டது என்று தெரியாமல் இருப்பது. இதைத் தெரிந்துகொள்ள ஓவியம் படித்திருக்க வேண்டியதில்லை. நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் பொறுமை போதும்.

மூன்று படங்கள், மூன்று உடம்புகள்

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் அதிகம் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது தஞ்சாவூர் ஓவியம். இதற்குப் பலகைப் படம் என்றும் பெயர் உண்டு. பலகையின் மேல் துணி ஒட்டி, அதன் மேல் வெள்ளைப் பூச்சு பூசுவார்கள். நகை, மாலை, மண்டபத் தூண் வரும் இடங்களைச் சாக்கட்டித் தூளும் கோந்தும் குழைத்து மேடாக்குவார்கள். கற்கள் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டுவார்கள். மராட்டிய மன்னர்கள் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான ஆண்டுகளில், இந்தக் கலை செழித்தது.

இதில் தங்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது கோந்து. கோந்துக்கு எதிரி தண்ணீர். ஈரம் பட்டால் அடியில் இருக்கும் பூச்சு ஊறும், உப்பும், பிறகு செதில் செதிலாக உதிரும்.

இரண்டாவது, கண்ணாடி ஓவியம். தஞ்சாவூர், செட்டிநாட்டு வீடுகளில் இன்னமும் பார்க்கலாம். இது கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிய படம் அல்ல. கண்ணாடியின் பின்பக்கத்திலேயே தீட்டிய படம். கண், மூக்கு, நகை எல்லாவற்றையும் முதலில் தீட்டி, பின்னணியைக் கடைசியாகப் பூசுவார்கள். சட்டத்தைக் கழற்றி, ‘பின்னாடியும் தூசி இருக்கே’ என்று துடைத்தால், தூசியோடு சாமியின் முகமும் வந்துவிடும். இதற்கு முன்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பின்பக்கத்தைத் தொடவே கூடாது.

மூன்றாவது, ரவி வர்மா படங்கள் என்று வீட்டில் சொல்லப்படும் பழைய அச்சுப் படங்கள். கேரளத்தின் கிளிமானூரில் 1848-ல் பிறந்த ராஜா ரவி வர்மா, 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று பல கற்களை மாற்றி மாற்றி அச்சடித்த படங்கள் அவை. அரண்மனைச் சுவரில் மட்டும் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுப் பூஜையறைக்கு வந்தது அப்படித்தான். சில வீடுகளில் பெண்கள் அந்தப் படத்தின் மேலேயே பட்டுத்துணி, ஜரிகை, மணிகள் வைத்துத் தைத்துப் புடவை கட்டிவிட்டார்கள். ‘அசல் படம் தெரியட்டும்’ என்று அதைப் பிரித்து எடுக்கக் கூடாது. அந்த ஜரிகைதான் அந்தப் படத்தை, அச்சிட்ட மற்ற பிரதிகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

இதன் உடம்பு வெறும் காகிதம். ஈரம், வெயில், ராமபாணப் பூச்சி மூன்றும் இதற்கு ஆகாது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

தஞ்சாவூர் ஓவியம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விலை அல்ல. ‘ரேக்கு அசல் தங்கமா?’ என்பதுதான். நல்ல ஓவியங்களில் 22 காரட் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். அது பல தலைமுறைக்கு மங்காது. விலை குறைந்தவற்றில் செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்கு இருக்கும். கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். சில வருடங்களில் போலி கறுக்கத் தொடங்கும். போலி ரேக்கு ஒட்டிய படத்தை வாங்குவதில் தப்பில்லை. தங்கத்தின் விலை கொடுத்து வாங்குவதுதான் தப்பு. அதனால் ‘22 காரட் தங்க ரேக்கு’ என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதத் தயங்குகிற கடைக்காரரின் தயக்கமே பதில்.

பலகை எது என்றும் கேட்கலாம். பழைய படங்களில் பலா மரப் பலகை இருக்கும். இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதில் குறை ஒன்றும் இல்லை, நீர் புகாத நல்ல ரகமாக இருந்தால். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களிலும் இவை கிடைக்கும். வேறு கடையில் வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்க் கையில் பிடித்துப் பார்த்தால், எது கனமான வேலை, எது மேலோட்டமான வேலை என்று கண்ணுக்குப் பழகும்.

‘பழைய ரவி வர்மா பிரின்ட்’ என்று விற்கப்படுவதில் இன்னும் கவனம் தேவை. ரவி வர்மா 1906-ல் மறைந்தார். அவர் இருக்கும்போதே அச்சகம் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் கைக்கு மாறிவிட்டது. அதன் பிறகும் பல காலம் அங்கே அச்சு தொடர்ந்தது. வேறு ஓவியர்களின் படங்களும் அச்சாயின. இந்தியச் சட்டப்படி, ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும். ஆக, ரவி வர்மா படங்களை இன்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அப்படி நேற்று அச்சடித்ததை டீத்தண்ணீர் நிறத்துக்குக் கொண்டுவந்து, பழைய சட்டத்தில் போட்டால் ‘நூறு வருஷத்துப் படம்’ தயார்.

இங்கேதான் பூதக்கண்ணாடி வேலைக்கு வருகிறது. செல்போன் கேமராவை மிக நெருக்கமாக வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் சரி. இன்றைய ஆஃப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல ஒரே ஒழுங்கில் வரிசை கட்டி நிற்கும். பழைய கல் அச்சில், மணலைத் தூவியது போலப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். படத்தின் அடியில் அச்சகப் பெயரும், ‘கார்லா, லோனாவ்லா’ என்ற ஊர்ப் பெயரும் இருந்தால் அது ஒரு நல்ல அடையாளம். ஆனால், மறு அச்சில் அந்த எழுத்தும் சேர்ந்தே வரும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

பிரின்ட் என்றால் மட்டமா?

இல்லை. பிரின்ட்டில் இரண்டு சாதி உண்டு. ஓவியர் தானே மரத்திலோ, உலோகத் தகட்டிலோ, கல்லிலோ செதுக்கி, மை தடவி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் எடுப்பது ஒன்று. தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் போன்றவர்கள் இந்தக் கலையால் பெயர் பெற்றவர்கள். இதில் ஒவ்வொரு தாளும் அசல். கீழே பென்சிலில் 7/50 என்று எழுதி ஓவியர் கையெழுத்திட்டிருந்தால், மொத்தம் ஐம்பது எடுத்ததில் இது ஏழாவது என்று பொருள்.

இன்னொன்று, ஏற்கெனவே தீட்டிய ஓவியத்தை ஸ்கேன் செய்து நல்ல தாளில் எடுக்கும் நகல். அதிலும் எண் போட்டு விற்பதுண்டு. வீட்டுச் சுவருக்கு அழகாகவே இருக்கும். ஆனால், அசலின் விலையை அதற்குத் தர வேண்டியதில்லை. ‘இது ஓவியர் கையால் எடுத்த பிரின்ட்டா, ஓவியத்தின் நகலா?’ என்ற ஒரு கேள்வியில் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

குறைந்த பட்ஜெட்டில் அசல் வேண்டும் என்பவர்கள் கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சிகளுக்குப் போகலாம். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் போய்ப் பார்க்கலாம். ஓவியர் பெயர், வருடம், அளவு, எந்த வண்ணம், எதன் மேல் என்ற ஐந்தும் ரசீதில் இருக்கட்டும்.

எங்கே மாட்டுவது?

வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். சாயம் ஒருமுறை வெளுத்தால் திரும்ப வராது. மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், சமையல் புகை எட்டும் இடம் ஆகியவையும் வேண்டாம். வேறு வழி இல்லையென்றால், சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. தொட்டால், ஈரமான நாளில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காகிதப் படமென்றால் அமிலமில்லாத மவுன்ட் போர்டு கேட்டு வாங்க வேண்டும். சாதாரண அட்டையும் பலகையும் நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒட்டிய பிளாஸ்டிக்கை, படத்தைச் சேதப்படுத்தாமல் பிரிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

பூஜையில் இருக்கும் படத்தைப் பூட்டியா வைக்க முடியும்? விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காமல் ஓர் அடி முன்னால் தள்ளி வைக்கலாம். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் மேல் மட்டும் இடலாம். கண்ணாடி இல்லாத படமென்றால் சட்டத்தில் இடலாம். துடைக்கும்போது உலர்ந்த மெல்லிய துணியால் கண்ணாடியை மட்டும். கண்ணாடி இல்லாத ஓவியத்தில் வண்ணம் உறுதியாக இருந்தால் மிருதுவான பிரஷ்ஷால் தூசியை மெல்லத் தட்டலாம். உதிரும் படத்தில் அதுவும் கூடாது.

சேதம் வந்துவிட்டால்

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது பலரும் நனைந்த பொருள்களை வெயிலில் பரப்பினார்கள். படங்களுக்கு அது இரண்டாவது அடி. நனைந்த படத்தை முகம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்று படும்படி மெதுவாக உலர விட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது. உதிர்ந்த கல், தங்கத் துணுக்கு, வண்ணச் செதில் எதையும் எறியாமல் ஓர் உறையில் போட்டு வைக்க வேண்டும். ஃபெவிகால், வார்னிஷ், நகைக்கடை பாலிஷ் எதுவும் வேண்டாம். பலகையின் பின்னால் மாவு போல மரத்தூள் கொட்டினால் பூச்சி இருக்கிறது என்று பொருள். அந்தப் படத்தை மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து வைக்க வேண்டும். மருந்தை நேராகப் படத்தில் அடிக்கக் கூடாது. ஓவியப் பாதுகாப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். இன்டாக் அமைப்பு இதற்கென்றே மையங்கள் நடத்துகிறது.

பழைய வீட்டை இடிக்கும்போதோ, பாகம் பிரிக்கும்போதோ படங்கள் பழைய சாமான் கடைக்குப் போவது சகஜம். அப்போது ஒரு சட்டமும் நினைவில் இருக்கட்டும். நூறு ஆண்டைத் தாண்டிய ஓவியம், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்குச் சீதனமாகக் கொடுத்தனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த ஆயுத பூஜைக்குப் படங்களை இறக்கும்போது வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் முன்பக்கம், பின்பக்கம் செல்போனில் படம் எடுக்கலாம். பின்பக்க அட்டையில் கடைப் பெயரோ, தேதியோ, யாரோ எழுதிய பெயரோ இருக்கும். அது யார் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அவர் குரலையும் பதிவு செய்துகொள்ளலாம். தங்க ரேக்கைச் சோதிக்கக் கருவி இருக்கிறது. ‘இது என் மாமியார் கும்பகோணத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது’ என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும்.