‘குடும்பத் தகராறு’ என்னும் சொல்

எமது தமிழ்ப் பத்திரிகைகளின் உட்பக்கங்களில் அடிக்கடி தலைகாட்டும் சொற்றொடர் ஒன்றுண்டு: ‘குடும்பத் தகராறு காரணமாக’. மனைவி வெட்டிக் கொல்லப்பட்டாலும் இதுதான்; மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டாலும் இதுதான். தகராறென்றால் அதற்கு இரு தரப்பு வேண்டும். ஒருவர் அடிக்க மற்றவர் அடிவாங்குவதைத் தகராறு என்று வேறெந்த விடயத்திலும் நாம் எழுதுவதில்லை. வழிப்பறிக்கு உள்ளானவருக்கும் கொள்ளையனுக்கும் ‘தகராறு’ என்று எந்தச் செய்தி ஆசிரியராவது தலைப்பிடுவாரா? ஆனால் வீட்டுக்குள் நிகழ்ந்த கொலை என்றதும், சந்தேகநபர் பொலிஸாரிடம் கூறிய நியாயமே கொலைக்கான காரணமாக அச்சேறிவிடுகின்றது. மறுதரப்பின் கதையைக் கேட்பதற்கு ஆளில்லை, அவள்தான் இறந்துவிட்டாளே.

‘கற்பழிப்பு’ என்ற சொல்லும் இவ்வாறானதே. குற்றம் புரிந்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவள் எதையோ இழந்துவிட்டாள் என்று பறைசாற்றும் சொல் அது. பெண்கள் அமைப்புகள் நெடுங்காலம் வாதாடியதன் பயனாக ‘பாலியல் வன்புணர்வு’ என்பது இன்று ஓரளவு வழக்கூன்றியிருக்கின்றது. எனவே, ஊடக மொழி மாறாது என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை.

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை சென்ற மாணவி ஒருவர் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டபோது வடபுலமே கொதித்தெழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன; மாணவர்கள் வீதிக்கு இறங்கினர். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் தீர்ப்பாயம் எழுவருக்கு மரணதண்டனை விதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் அதன் எல்லையையும் கவனிக்க வேண்டும். குற்றவாளி வெளியாளாக இருக்கும்வரை எமது சமூகம் பொங்கும்; அவன் வீட்டுக்காரனாக இருந்தால் படலையைச் சாத்திக்கொள்ளும்.

புள்ளிவிபரம் வேறு கதை சொல்கின்றது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு பற்றிய ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவருக்கு ஒருவர், வாழ்நாளில் ஒரு தடவையேனும் அத்துணைவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்கின்றார். உடல்ரீதியான வன்முறையை மட்டும் எடுத்துக்கொண்டால், பிறரால் நேர்ந்ததைவிடத் துணைவரால் நேர்ந்தது இரு மடங்குக்கும் அதிகம்.

சட்டம் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்ட பெண் நீதிவான் நீதிமன்றத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். அவசரமெனக் கண்டால் இடைக்காலக் கட்டளை வழங்கப்படும்; அது 14 நாட்கள்வரை செல்லும். விசாரணையின் பின் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள்வரை நீடிக்கலாம். அடித்தவனை அவன் வாழும் வீட்டுக்குள்ளேயே நுழையாது தடுக்கவும் நீதிவானால் முடியும். உடற்காயம் மட்டுமன்றி மனரீதியான கொடுமையும் இச்சட்டத்தில் அடங்கும். கணவனைச் சிறைக்கு அனுப்பாமலேயே பாதுகாப்புக் கோரலாம் என்பதுதான் இதிலுள்ள பெரும் அனுகூலம். ‘பிள்ளைகளின் தகப்பனை மறியலில் போடவோ’ என்று தயங்கும் பெண்களுக்கு இதை எடுத்துச்சொல்வோர் எத்தனை பேர்? (பத்திரிகைகள் சொல்லலாம். இராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.)

சட்டத்திலும் ஓட்டைகள் உள்ளன. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட மனைவி விடயத்தில் மாத்திரமே கணவனின் வன்புணர்வு குற்றமாக ஏற்கப்பட்டது. ஒரே கூரையின்கீழ் வாழும் மனைவியின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் படவில்லை. அதே திருத்தம், பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. அப்படியிருந்தும் பெயரை மறைத்து, ஊரையும் தெருவையும் தகப்பனின் தொழிலையும் எழுதிவிட்டுச் சட்டத்தை மதித்ததாகத் திருப்தியடையும் செய்திகளை இன்றும் காண்கிறோம்.

எனினும் பெரிய தடை பொலிஸ் நிலையத்தின் வாசலிலேயே நிற்கின்றது. முறைப்பாட்டுடன் வரும் பெண்ணைச் சமாதானப்படுத்தி, கணவனிடம் இரண்டு வார்த்தை கண்டித்துக் கூறி, இருவரையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்புவதை நல்ல காரியமாகக் கருதும் அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள். வடக்கு கிழக்கில் மொழியும் சேர்ந்துகொள்கின்றது. தமிழ் தெரிந்த பெண் பொலிஸார் கடமையில் இல்லாத நாளில், படுக்கையறையில் தனக்கு நேர்ந்ததை அந்தப் பெண் ஓர் ஆணின் மொழிபெயர்ப்பினூடாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அவர் என்ன சொன்னார், புத்தகத்தில் என்ன பதிந்தார்கள் என்பதை அவரால் வாசித்துப் பார்க்கவும் இயலாது.