செவிலியரின் குறிப்புக்குப் பதில் வேண்டும்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



2030-க்குள் எட்டவேண்டிய 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நலவாழ்வு மூன்றாவது. குடிநீரும் துப்புரவும் ஆறாவது. கோப்பில் இவை வேறு வேறு துறைகளின் வேலை. கிராம சுகாதார செவிலியருக்கு இரண்டும் ஒரே வீட்டு வாசலில்தான் இருக்கின்றன.

இந்தத் தொடர்பைச் செவிலியர் கல்லூரியில் பாடமாகவே படிக்கிறார்கள். 1854-இல் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பார்த்த சாவுகளில் காயத்தால் வந்தவை குறைவு. காய்ச்சலும் கழிச்சலும் கொன்றவையே அதிகம். மறு ஆண்டு சுகாதாரக் குழு வந்து கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கும் வழி செய்தது. சாவு வெகுவாகக் குறைந்தது. தூய காற்று, தூய நீர், வடிகால், துப்புரவு, வெளிச்சம் ஆகிய ஐந்தும் வீட்டு ஆரோக்கியத்துக்கு அடிப்படை என்று பிறகு அவர் எழுதினார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராதவர், நம் ஊர்களின் துப்புரவுக்காகப் பல்லாண்டு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். இந்த மடலுக்கு அப்படி ஒரு முன்னோடி உண்டு!

ஆனால் அந்தப் பாடம் தேர்வோடு முடிந்துவிடுகிறது. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு கிராம செவிலியர் என்பது கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, இணையத்தில் விவரம் ஏற்றுவது என்று அவர் பொழுது போய்விடுகிறது. கொல்லைப்புறத்தில் தேங்கி நிற்கும் தண்ணீர் அவர் கண்ணில் படாமலில்லை. எழுதி யாரிடம் கொடுப்பது? டெங்கு வந்தபின் புகை அடிக்கிறோம்.

வீட்டுக்கே மருந்து கொண்டுசெல்ல 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம். ஆனால் செவிலியல் அறிஞர் டோரத்தியா ஓரெமின் கோட்பாடு இன்னும் ஒரு படி கேட்கிறது: தன்னைத் தானே கவனித்துக்கொள்ள ஒருவருக்கு எங்கே முடியவில்லையோ அங்கே செவிலியர் கைகொடுக்க வேண்டும், கற்றுக்கொள்ளக் கூடியதைக் கற்றுத்தர வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது, சரி. உள்ளங்காலைத் தினமும் பார்த்துப் புண்ணை முதல் நாளே கண்டுகொள்ள யார் சொல்லித்தருவது? அதற்குச் செவிலியருக்கு நேரம் வேண்டும். ஒரே விவரத்தை இரண்டு பதிவேடுகளில் எழுதும் வேலையை நிறுத்தினாலே பாதி நேரம் கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு.

ஊரக வளர்ச்சித் துறையோடு பேசி ஓர் அரசாணை போடுங்கள். குடிநீர், வடிகால் பற்றிச் செவிலியர் எழுத்தில் தரும் குறிப்புக்கு ஊராட்சி 15 நாளில் எழுத்திலேயே பதில் தரவேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அது வெளிவந்தால் இந்த ஆண்டே பயன் தெரியும்.